இன்னுக்கும் ஓமுக்கும் நடுவே

இரண்டு வருடம் நான் நடுவில்தான் நின்றேன். அமெரிக்கன் ஃபுட்போலில் தற்காப்பு வரிசையின் நடு ஆளுக்கு ஒரே வேலைதான்: எதிரே நிற்கும் இரண்டு தடியர்களைத் தன்மேல் இழுத்து வைத்துக்கொள்வது. அந்த நேரத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் சுற்றி ஓடிப்போய், பந்தை எறியப் போகிறவனை அமுக்குவார்கள். கைதட்டல் அவர்களுக்கு. எனக்கு, ஒருவனுடைய முழங்கை கழுத்தில், மற்றவனுடைய வியர்வை வாயில். மூச்சு விட இடமிராது. டென்மார்க்கின் பிராண்டே ஊரில் பகல் முழுக்கக் காற்றாலை இறக்கைக்குள் முகமூடியோடு குனிந்து நின்று தேய்க்கிறவன் நான். மாலையிலாவது கொஞ்சம் வெளியாக நிற்க ஆசைப்படக் கூடாதா?

பயிற்சியாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மேட்சுக்கு ஓரத்தை வாங்கினேன். சரியாகச் செய்தால் அந்த இடம் எனக்கு. பிழைவிட்டால் மறுபடி நடு.

ஓரத்து ஆள்தான் பக்கத்தில் நிற்கும் நடு ஆளுக்குச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். ‘இன்’ என்றால் நான் உள்ளே பாய்வேன், அவன் என் முதுகுப் பக்கமாகச் சுற்றி வெளியே வருவான். ‘ஓம்’ என்றால் மாறி: நான் வெளியால் சுற்றி ஓட, அவன் நேரே உள்ளே. டேனிஷில் ஓம் என்றால் சுற்றி. கடைசியாக எது காதில் விழுகிறதோ, அதுதான் செல்லும்.

அன்றைக்கென்று அம்மாவும் வந்திருந்தார். மேட்ச் முடிய நேரே ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போக வேண்டும் என்பதால் நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். பட்டுச்சேலைக்கு மேல் என்னுடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றோரம் மழைத்தூறலில் நின்றார்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே விளையாடினேன். காற்று முகத்தில் படுகிற இடம் அந்த ஓரம். எறிபவனை இரண்டு தரம் நிலத்தில் போட்டேன். மேட்சின் கடைசி ஆட்டம் வந்தபோது நாங்கள் புள்ளிகளில் முன்னே நின்றோம். இந்த ஒரு தடவை அவனைத் தப்பவிடாவிட்டால் போதும். குனிந்து, “இன்!” என்று கத்தினேன். நடுவில் நின்றவன் தொழிலில் தச்சன், தலையாட்டினான்.

“தம்பீ! உள்ளுக்குச் சுவெட்டர் போட்டனியோ?”

கயிற்றோரத்திலிருந்து அம்மாதான். பேசாமல் இருந்திருக்கலாம்தானே? பதில் வராவிட்டால் அவர் மைதானத்துக்குள்ளேயே வந்துவிடுவார், எனக்குத் தெரியாதா!

“ஓம்! ஓம்!”

கடவுளாணை, சுவெட்டர் போட்டிருக்கவுமில்லை.

பந்து நகர்ந்தது. நான் உள்ளே பாய்ந்தேன். தச்சனும் உள்ளே பாய்ந்தான். அட கோதாரி! மண்டையோடு மண்டை மோதி இரண்டு பேரும் விழ, எதிரணித் தடியர்கள் எங்கள் மேல் விழுந்தார்கள். அடியில் கிடந்தபடி கால்களுக்கு நடுவால் பார்த்தேன். எறிபவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் விட்டுவந்த வெறும் ஓரத்தால் ஆறுதலாக ஓடிக்கொண்டிருந்தான். தோற்றோம்.

“நீதானே ஓம் என்றாய்!” தச்சன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

எங்கள் மொழியில் அதற்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம் என்றேன்.

“யாருக்கு ஆமாம் சொன்னாய்?” என்று பயிற்சியாளர் கேட்டார்.

கயிற்றுப் பக்கம் பார்க்காமல் நின்றேன். முப்பது வயது தாண்டிய மாடு மாதிரி ஒருவன் ‘அம்மாவுக்கு’ என்று சொல்வானா? பயிற்சியாளர், “செவ்வாய்க்கிழமை நடுவுக்கு வா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் கார் வரைக்கும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

காரில் அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

“ஏன் தம்பி மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறாய்?”

“என்னைத் திரும்பவும் நடுவில போட்டுட்டாங்கள், அம்மா.”

“அதுக்கென்ன? அந்தக் கரையில நீ தனிய நிண்டதைப் பார்க்க எனக்கு ஏலாமல் கிடந்தது. நடுவில எண்டால் எல்லாரும் உன்னைச் சுத்தி நிப்பினமெல்லே. அதுதான் நல்லம், என்ன?”

கண்ணாடி முழுக்க ஆவி பிடித்திருந்தது. எனக்கு விசர் விசராக வந்தது. இல்லை, எனக்கு அந்த நடு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஓம், அம்மா” என்றேன்.