ஐம்பத்தெட்டு எப்படிப் பதின்மூன்று ஆனது?

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நான் நன்றாக மூக்குடைபட்டேன். உடைத்தவர் மேல் எனக்கு இன்றுவரை கொள்ளைப் பிரியம்.

நான் பிசியோதெரபிஸ்ட். அடையாறில் சின்னதாக ஒரு கிளினிக். நாற்பது வயதில் மேல்படிப்பு ஆசை வந்து ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது, நாள் முழுக்க நின்றபடி புடவை பிரித்துக் காட்டும் பெண்களின் முழங்கால் வலி. அந்தக் கடையில் உட்கார நாற்காலிகள் இருந்தன, ஆனால் ஸ்டோர் ரூம் பக்கம். கவுன்ட்டரை விட்டு யார் போய் உட்காருவது?

முதலாளி தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் கேட்டபடி முதல் மாடியில் கவுன்ட்டருக்குப் பின்னாலேயே ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது மாடியில் ஸ்டூல் கிடையாது. நான் சொல்லித்தரும் உடற்பயிற்சி இரண்டு மாடிக்கும் பொது. எட்டு வாரம் கழித்து எந்த மாடியில் வலி அதிகம் குறைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு.

"ஸ்டூலால பிரயோசனம் உண்டுன்னு காட்டிட்டீங்கன்னா எல்லா மாடிக்கும் போட்டுருதேன். இல்லைன்னா எடுத்துருவேன். தீபாவளிக் கூட்டத்துக்கு எடம் வேணும்லா?" என்றார்.

வலியை அளக்க ஒரு எளிய வழி உண்டு. தாளில் நூறு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. இடது ஓரம் வலியே இல்லை, வலது ஓரம் தாங்க முடியாத வலி. அவரவர் வலி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு குறி போடுவார்கள். நான் ஸ்கேலால் அளந்து எண்ணாக எழுதிக்கொள்வேன். எட்டு வாரம் முடிந்ததும் எல்லா எண்களையும் 'ஆர்' என்ற கணினி மொழியில் ஏற்றினேன். புள்ளிவிவரக் கணக்குக்கென்றே உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் மொழி அது. எனக்கு அதில் அரைகுறை ஞானம்தான். சீனியர் ஒருவர் தன் ஆய்வுக்கு எழுதிவைத்திருந்த கட்டளை வரிகளைக் காப்பியடித்தேன். சராசரி வராமல் அடம்பிடித்தது. 'எண்ணாக மாற்று' என்று ஒரு வரி சேர்த்ததும் சமத்தாக வந்துவிட்டது.

வந்த விடையைப் பார்த்துக் குதிக்காத குறை. இரண்டு மாடியிலும் வலி தடாலென்று இறங்கியிருந்தது. ஸ்டூலால் வந்த வித்தியாசம் கொஞ்சம்தான். என் பயிற்சிக்கு இவ்வளவு மகிமையா என்று தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையிலேயே போய் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அப்போ ஸ்டூல் இல்லாமலே கொறையுதுல்லா? நல்லதாப் போச்சு. திங்கக்கிழமை எடுத்துரச் சொல்லுதேன்."

அதே பெருமையோடு இரண்டாவது மாடிக்குப் போனேன். அங்கே பட்டுப் பிரிவில் ஒரு அக்கா. மேற்கு மாம்பலத்திலிருந்து வருபவர். பயிற்சியை ஒருநாள்கூட விட்டதில்லை. அவரிடம் உங்கள் வலி பதின்மூன்றுக்கு வந்துவிட்டது என்றேன்.

"இன்னா மேடம் சொல்றீங்க? எனக்கு வலி கொறைஞ்சிடுச்சா? எனக்கே தெரியாம எப்ப கொறைஞ்சுது?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் இளக்காரமாக. உங்களுக்கு மறந்திருக்கும் என்றேன்.

"மறக்கல மேடம். நான் பாதிய தாண்டித்தான் குறி போட்டேன். அந்தப் பேப்பரு உங்க கையில கீதா?"

பையில்தான் இருந்தது. எரிச்சலோடு தேடி எடுத்தேன். அக்காவின் குறி ஐம்பத்தெட்டில் இருந்தது.

மாடிப்படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். நான் தட்டச்சு செய்ததும் ஐம்பத்தெட்டுதான். கணக்கில் மட்டும் பதின்மூன்று! 'ஆர்' பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் இணையப் பக்கம் ஒன்றில், எழுதிய வரிகளையெல்லாம் அப்படியே போட்டு, என்ன தப்பு என்று கேட்டேன். அக்கா தன் டப்பாவிலிருந்து பாதித் தயிர்சாதத்தை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

எந்த நாட்டுக்காரரோ தெரியாது. வரிவரியாகப் படித்துப் பார்த்திருந்தார். முதல் மாடியில் ஒரு பெண் கடைசி அளவெடுப்பன்று வரவில்லை. அந்தக் கட்டத்தில் நான் 'லீவு' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் கணினி, அந்த வரிசை முழுவதையுமே எண்கள் அல்ல, பெயர்கள் என்று எடுத்துக்கொண்டது. எண்ணாக மாற்று என்று நான் அதட்டியதும், ரேஷன் கடையில் கொடுப்பதுபோல ஒவ்வொரு பெயருக்கும் ஒன்று, இரண்டு என்று ஒரு டோக்கன் நம்பர் கொடுத்துவிட்டது. ஐம்பத்தெட்டுக்குக் கிடைத்த டோக்கன் பதின்மூன்று. டோக்கனைத்தான் நான் வலி என்று கொண்டாடியிருக்கிறேன்.

இந்தப் பள்ளத்தில் தானும் ஒருமுறை விழுந்ததாக அவர் எழுதியிருந்தார். பலரும் விழுந்ததால்தான் புதிய பதிப்பில் அந்த வழக்கத்தையே மாற்றிவிட்டார்களாம். உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு, புதிதை இறக்கிக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார். ஒரு கேலி இல்லை, ஒரு சலிப்பு இல்லை. முகம் தெரியாத அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது.

சரிசெய்து பார்த்தால் விஷயம் தலைகீழ். முதல் மாடியில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டாவது மாடியில் அசையவே இல்லை. இதை அண்ணாச்சியிடம் போய்ச் சொல்ல வேண்டும். துணைக்கு அக்காவும் வந்தார்.

"காலையில ஒண்ணு சொன்னீங்க, மத்தியானம் ஒண்ணு சொல்லுதீங்க. சாயங்காலம் என்ன சொல்லுவீங்க?" என்றார் அண்ணாச்சி.

தப்பு என்னுடையதுதான், என்னையும் நம்ப வேண்டாம், கம்ப்யூட்டரையும் நம்ப வேண்டாம் என்று சொல்லி, தாள்களை மாடிவாரியாக இரண்டு வரிசையில் அவர் மேஜைமேல் பரப்பினேன். ஒரு வரிசையில் குறிகள் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. மற்றதில் பாதியைத் தாண்டி நின்றன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அண்ணாச்சியின் பார்வை தாளிலிருந்து அந்தக் கால்களுக்குப் போனது.

"ஏம்மா நிக்க? அந்தச் சேர்ல உக்காரு" என்றார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, ஸ்டூல்களை எடுக்க வேண்டாம், இரண்டாவது மாடிக்கும் வாங்கிப் போடுங்கள் என்றார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்பது அங்கே வழக்கம். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார், எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு மயில்கழுத்துப் பட்டைப் பிரித்துப் போட்டார். எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை யாரும் செய்ததில்லை. ஆனாலும் அன்று அவரை நம்பாமல் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், என் கணக்கு என்னதான் சொன்னாலும், இப்போதெல்லாம் முதலில் அவருடைய தாளை எடுத்துப் பார்க்கிறேன்.