ஐப்பசிச் சேற்றுக்கு எந்தச் சக்கரம்: விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை

முதலில் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். என் மருமகள் தட்டச்சு செய்து இதை ஏற்றுகிறாள். கூடவே நோட்டுப் பக்கத்தின் படத்தையும் போடு என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். வரிகள் ஏறி இறங்கும். ‘ழ’ ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எண்பது வயதைத் தாண்டி எழுத்துப் படித்தவன் நான். ஐம்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை, பேனாவையும் அதே மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. ஆனாலும் எழுதி முடித்த பக்கத்தைத் தூக்கிப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

எழுதக் காரணம் என் மகள் தேன்மொழி. கனடாவில் இருக்கிறாள். ஐம்பத்தைந்து வயதில் ஒரு வேக வண்டி வாங்கியிருக்கிறாள். எஞ்சின் முன்னால் இருந்து பின் சக்கரத்தைச் சுழற்றும் வண்டி. பனிக்காலத்துக்கு வேறு சக்கரம், வேறு டயர் மாட்ட வேண்டுமாம். “பின்னாடி ரெண்டு மட்டும் மாத்தலாம்னு இருக்கேன்ப்பா. எஞ்சின் தள்றது அந்த ரெண்டத்தானே” என்றாள் போனில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வார்த்தையை இதே வாயால் நான் சொல்லி, அதனால் ஒரு வியாழக்கிழமை முழுவதும் பட்ட பாடு ஞாபகம் வந்தது. பனி எனக்குத் தெரியாது. ஐப்பசிச் சேறு தெரியும். பின் சக்கர வண்டியை மழையில் எடுத்துப் போகிறவர்கள் யாராவது படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். மைல் கல்லில் இன்னும் மைல்தான் எழுதியிருந்தார்கள். விழுப்புரத்தில் ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் நான் டிரைவர். அவருடைய மகன் கோதண்டத்தைச் சின்ன முதலாளி என்போம். புதுச்சேரியை விட்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவர் ஒரு கார் வாங்கியிருந்தார். இலைப்பச்சை நிறம், மடக்கும் கூரை, இரண்டே சீட்டு. நீளமான மூக்கு முழுக்க எஞ்சின். பின்னால் பெட்ரோல் டேங்கையும் ஸ்டெப்னியையும் தவிர ஒன்றும் கிடையாது. காய்ந்த ரோட்டில் அதை மிதித்தால் அம்பு. மழை பெய்தால், பாரம் இல்லாத பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

முந்தின வருடம் மழையில் மில் வாசலிலேயே மாட்டிக்கொண்டது. பெரிய முதலாளி இறங்கிக் கூடத் தள்ளினார். பின் சக்கரம் வாரி அடித்த சேறு அவர் வெள்ளை வேட்டியையும் சட்டையையும் நனைத்து மீசை வரை போனது. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அதை அவர் மறக்கவில்லை. அடுத்த ஐப்பசி பிறந்ததும் மகனைக் கூப்பிட்டு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கும் பேச்சை எடுத்தார்.

“வியாழக்கெழம திண்டிவனம் மண்டிக்கு மல்லாட்ட பாக்கப் போறேன். ரயில்ல இல்ல, ஒன் வண்டியில. போய்ச் சேர்ற வரைக்கும் என் கால்ல சேறு படக் கூடாது. பட்டுதுன்னா வெள்ளிக்கெழம மெட்ராஸ் புரோக்கர் வர்றான், ஓட்டிக்கினு போயிடுவான்.”

“ஒரு தடவ மாட்டிக்கிச்சுன்னா அதுக்குன்னு வித்துடறதாப்பா?”

“ரயிலு இருக்கற ஊர்ல தகரப் பொட்டிக்குத் தீனி போடவா மில்லு ஓட்டறேன்?”

சின்ன முதலாளிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும்தான். வண்டி போனால் என் வேலையும் போகும். மறுபடி லாரியில் மூட்டைக்கு மேல் படுத்துக்கொண்டு போகும் கிளீனர் பிழைப்பு. அதை விட, அந்த ஸ்டியரிங்கைத் தொட்டவனுக்கு வேறு ஸ்டியரிங் பிடிக்காது.

புதன்கிழமை இருவரும் ஜங்ஷன் பக்கம் டயர் கடை வைத்திருந்த காதர் பாயிடம் போனோம். பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன் டயரைத் தடவிப் பார்த்தார்.

“இது தார் ரோட்டு டயருபா. நீளக் கோடு மட்டும்தான் போட்டுகீது. களிமண்ணுல நிக்காது. பட்டன் டயர் போடு.”

பட்டன் டயர் என்றால் கட்டை கட்டையாகப் புடைத்திருக்கும் டயர். சின்ன முதலாளி ஆசையோடு இருப்பதிலேயே அகலமானதைக் காட்டினார். பாய் தலையை ஆட்டினார்.

“அகலமா போட்டா சேத்து மேல மெதக்கும். ஒல்லியா போடு. அடி வரைக்கும் வெட்டிக்கினு போயி கெட்டி மண்ணப் புடிக்கும். அப்புறம் இந்தக் கம்பிச் சக்கரத்தையும் கழட்டிடு. கம்பி நடுவுல களிமண் அடைச்சிக்கும். ஸ்டியரிங் கையில நிக்காது.”

வண்டியோடு நாலு தகட்டுச் சக்கரம் தனியாக வந்திருந்தது. மில்லில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. ஆனால் மாலை வெயிலில் மின்னும் அந்தக் கம்பிச் சக்கரங்களின் மேல் சின்ன முதலாளிக்கு உயிர்.

“அதக் கழட்டினா மாப்பிள்ளைக்குக் கோவணம் கட்டி வுட்ட மாதிரி இருக்கும் பாய்.”

“மாப்பிள்ள நாத்து நடப் போறாரு. கோவணம்தான் கட்டணும்.”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “பின்னாடி ரெண்டு மட்டும் மாத்திட்டா போதும் சின்ன முதலாளி. எஞ்சின் தள்றது அந்த ரெண்டத்தானே. முன்னாடி கம்பிச் சக்கரம் அப்படியே அழகா இருக்கட்டும்.”

சின்ன முதலாளி என் தோளைத் தட்டினார். பாய் மட்டும், “பேஜாரா பூடும்பா. ரெண்டு காலுக்கு பூட்ஸு, ரெண்டு காலுக்கு மொழுமொழு செருப்பா?” என்றார். பிறகு, “சரி, பின்னாடி ரெண்டு மூட்டையாவது போட்டுக்கினு போ. காலி லாரி மழையில எப்படி ஆடுது, பாத்துகீறியே” என்றார். டிக்கியில் ஸ்டெப்னியைத் தள்ளினால் ஒரு டிபன் கேரியர் வைக்கத்தான் இடம். மூட்டைக்கு எங்கே போவது? பாயிடம் ஒரே மாதிரி பழைய பட்டன் டயர் நாலு இருந்தது. இரண்டு மட்டும் எடுத்தோம். எழுபது ரூபாய். மில்லிலிருந்து கொண்டுவந்த இரண்டு தகட்டுச் சக்கரத்தில் மாட்டக் கூலி இரண்டு ரூபாய்.

வியாழன் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். தூறல். கூரையை இழுத்து மாட்டியிருந்தேன். பெரிய முதலாளி ஏறி உட்கார்ந்ததும் வண்டி அவர் பக்கம் சாய்ந்தது. மில் தராசில் அவர் ஒருமுறை விளையாட்டாக ஏறி நின்றதிலிருந்து, அவர் காதுபடாமல் அவருக்கு ‘ஒண்ணேகால் மூட்டை’ என்று பெயர். இரண்டு சீட்டு வண்டி என்பதால் சின்ன முதலாளிக்கு இடமில்லை. குடைகூட இல்லாமல் கேட்டில் நின்று நாங்கள் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மொத்தம் இருபத்து நாலு மைல். விக்கிரவாண்டி வரை எட்டு மைலும் நல்ல தார் ரோடு. மைல் கல் வரும்போதெல்லாம் முதலாளி எண்ணைப் படித்துச் சொன்னார். எனக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் கல்லுக்குப் புளியமரம், அந்தக் கல்லுக்குக் கிணறு என்றுதான் வழி தெரியும். விக்கிரவாண்டியில் இட்லி. ஒன்று ஆறு நயா பைசா. அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இலையை ஜன்னல் வழியாக வாங்கி மடியில் வைத்துச் சாப்பிட்டார்.

“இதுவரைக்கும் சேறு இல்ல. ஆனா நாள் இன்னும் கெடக்குது” என்றார்.

கூட்டேரிப்பட்டுக்கு ஒரு மைல் முன்னால் ஏரித் தண்ணீர் வழிந்து ரோட்டின் மேலேயே களிமண்ணைக் கொண்டு வந்து பரப்பியிருந்தது. இரண்டு பர்லாங்குக்குத் தார் கண்ணில் படவில்லை. ரோட்டு வேலைக்கு வந்த பெண்கள் கூடையில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். லாரி போன தடம் இடது பக்கம் வளைந்து போனது. நானும் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். பின் சக்கரம் நன்றாகப் பிடித்துத் தள்ளியது. ஆனால் முன் சக்கரம் திரும்பியும் வண்டி திரும்பவில்லை. வழவழப்பான டயர் சோப்புக்கட்டி மாதிரி நேராகவே வழுக்கிப் போய், ரோட்டு ஓரத்தில் சேறு ஆழமாக இருந்த இடத்தில் மூக்கை வைத்து நின்றது. ரிவர்ஸ் போட்டேன். இப்போது பின் சக்கரமும் சுற்ற ஆரம்பித்தது.

எஞ்சினை அணைத்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி கதவைத் திறந்து கீழே பார்த்தார். கணுக்கால் ஆழம். கதவைச் சாத்திக்கொண்டார்.

“ஏழுமல, நாளைக்கு புரோக்கரு எத்தன மணிக்கு வர்றான்னு ஞாபகம் கீதா?”

ஒரு கட்டை வண்டிக்காரர் நிறுத்தி, “மாட்டக் கட்டி இழுக்கட்டுங்களா?” என்றார். “மாடு இழுத்தா வித்ததுக்கு சமானம். நீ போய்யா” என்று அவரை அனுப்பிவிட்டார் முதலாளி.

நான் இறங்கிப் பின் பக்கம் போய்ப் பார்த்தேன். பட்டன் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அமுக்கத்தான் பாரமில்லை. காதர் பாய் சொன்ன மூட்டை ஞாபகம் வந்தது. தலையைத் தூக்கினால், கூரைத் துணியின் சின்னக் கண்ணாடி வழியாக முதலாளியின் அகலமான முதுகு தெரிந்தது. முதலாளியிடம் கேட்கக்கூடிய விஷயமா இது? இருந்தாலும் போய்க் கேட்டுவிட்டேன்.

“முதலாளி, நீங்க எறங்கவே வேணாம். கால்ல சேறு படாது. சீட்டு மேல ஏறி, அப்படியே பின்னாடி டிக்கி மேல உக்காந்துக்கிறீங்களா?”

“இன்னாது?”

“பின் சக்கரத்துக்கு வெயிட்டு வேணுங்க.”

அவர் என்னையே பார்த்தார். ‘ஒண்ணேகால் மூட்டை’ அவர் காதுக்கும் போயிருக்கிறது என்று அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். “கூரைய மடக்குடா” என்றார்.

மடக்கினேன். தோல் சீட்டின் மேல் ஏறி, பின்னால் திரும்பி, டிக்கி மூடியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து குடையை விரித்தார். பின் ஸ்பிரிங் முனகியது. வண்டி ஒரு பிடி தாழ்ந்தது. மண் அள்ளிய பெண்களில் ஒருத்தி, “வழி வுடுங்கடி, சாமி ஊர்கோலம் வருது” என்றாள். இன்னொருத்தி, “கற்பூரம் யார்கிட்ட கீது?” என்றாள். முதலாளி குடைக்கு அடியிலிருந்து, “மொதல்ல சாமி கெளம்பட்டும். அப்புறம் காட்டலாம்” என்றார்.

பின் டயர்களில் கொஞ்சம் காற்று இறக்கினேன். ரிவர்ஸில் காலை அமுக்காமல், கிளட்சை மெதுவாக விட்டேன். பட்டன் மண்ணைக் கவ்வியது. ஒரு முழம், இரண்டு முழம், மூக்கு வெளியே வந்தது. பிறகு லாரித் தடத்தில் செகண்ட் கியரிலேயே உருட்டினேன். ஸ்டியரிங் கையில் துள்ளியது. கம்பிக்குள் களிமண் அடைத்து ஒரு பக்கம் கனம் சேர்ந்திருந்தது. பாய் சொன்னபடியேதான். இரண்டு பர்லாங்கும் கடந்து தார் தெரிந்ததும் பெண்கள் பின்னாலிருந்து குலவை போட்டார்கள். நான் தொப்பலாக நனைந்திருந்தேன். முதலாளியின் மேல் ஒரு துளி இல்லை.

கூட்டேரிப்பட்டில் நிறுத்தி, குச்சியால் கம்பிக்குள் இருந்த மண்ணைக் கிளறி எடுத்தேன். டயருக்குக் காற்று அடித்தேன். “கீழ வந்து உக்காருங்க முதலாளி” என்றேன். “இருக்கட்டும்டா. இங்க காத்து வருது” என்றார். மிச்சம் எட்டு மைலும் அப்படியேதான். பத்து மணிக்குத் திண்டிவனம் மண்டி வாசலில் வியாபாரிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். வண்டியை மண்டியின் கல் படியை ஒட்டி நிறுத்தினேன். அவர் டிக்கியிலிருந்து நேராகப் படியில் காலை வைத்து, திரும்பி நின்று, இரண்டு பாதத்தையும் ஒவ்வொன்றாக என்னிடம் தூக்கிக் காட்டினார். சுத்தமாக இருந்தன.

வெள்ளிக்கிழமை புரோக்கர் வந்தார். சின்ன முதலாளியும் நானும் ஷெட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். பெரிய முதலாளி அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்துச் சொன்னார்: “விக்கறதுல ஒரு சிக்கல் கீதுபா. பின் சக்கரத்துக்கு வெயிட்டு நான்தான். வித்தா என்னையும் சேத்துத்தான் விக்கணும். இன்னா வெல குடுப்ப?”

அன்று சாயங்காலமே காதர் பாயிடம் போய் மற்ற இரண்டு டயரையும் வாங்கினோம். நாலு தகட்டுச் சக்கரம், நாலு பட்டன் டயர். வண்டி அழகில் குறைந்துதான் போனது. அதற்கப்புறம் பல ஐப்பசிகளில் முதலாளியும் நானும் அதில் திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் வரைகூடப் போயிருக்கிறோம். சேறு கண்ணில் பட்டால் நான் கேட்கும் முன்பே செருப்பைக் கழற்றிவிடுவார்.

போன மாதம் அதே சாலையில் பஸ்ஸில் போனேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. புளியமரம் இல்லை, கிணறு இல்லை. ஆனால் விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் என்று ஒவ்வொரு பலகையையும் நானே வாய்விட்டுப் படித்தேன். கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முதலாளி படித்துச் சொன்ன மாதிரியே சத்தமாகப் படித்தேன்.

பின் சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மாற்றினால் நாலையும் மாற்றுங்கள். பின்னால் இருப்பது தள்ளும், ஆனால் திருப்புவது முன்னால் இருப்பதுதான். சேற்றுக்கு அகலத்தை விட ஒல்லி நல்லது. நல்ல நாளுக்கு வைத்திருக்கும் அழகான சக்கரத்தைச் சாக்கில் சுற்றி வையுங்கள், வெயில் வரும். மாட்டிக்கொண்டால் அழுத்தி மிதிக்காதீர்கள். காற்றைக் கொஞ்சம் இறக்கி மெதுவாக எடுங்கள், தார் வந்ததும் மறக்காமல் அடித்துவிடுங்கள். பின்னால் பாரம் வையுங்கள். பனிக்கு வேறு கணக்கு இருக்கலாம். அதை அந்த ஊர்க் கடைக்காரரிடம் கேளுங்கள், அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். நாங்கள் பாதிதான் கேட்டோம்.

இதையெல்லாம் தேன்மொழிக்குப் போனில் சொல்லவில்லை. எழுதி, படம் பிடித்து அனுப்பினேன். அவள் அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த முதல் எழுத்து அது. நேற்றுப் பதில் வந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். நாலு சக்கரமும் மாற்றிவிட்டாளாம். டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை கட்டி வைத்திருக்கிறாளாம். இரண்டுக்கும் சேர்த்து ‘முதலாளி’ என்று பெயர் வைத்திருக்கிறாளாம்.

அங்கே அடுத்த வாரம் பனி விழும் என்கிறார்கள். முதலாளி எப்படி உட்கார்ந்து வந்தார் என்று அவள் சொன்னதும் எழுதுகிறேன். அதற்குள் ‘ழ’வின் வாலைக் கொஞ்சம் நேராக்கப் பார்க்கிறேன்.