தாம்பூலப் பையில வந்த புக்கும் எங்க தாத்தாவோட கட்டைவிரலும்

இன்னிக்குக் காலைல படிச்ச ஒரு புக்கு எங்க குடும்பக் கதையையே புரட்டிப் போட்டுடுச்சுங்க!

“யோசிக்க வைக்கிற மாதிரி நாலு புக்கு சொல்லுங்கக்கா”ன்னு போன வாரம் கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு.

சரி, ஞாயித்துக்கிழமையாச்சேன்னு லிஸ்ட் போட உக்காந்தேன். ஒரு நாவல், ஒரு தத்துவம், ஒரு தன்னம்பிக்கை, ஒரு சுயசரிதை.

நாவல் சூப்பர், ரெண்டு நாளு சோறு இறங்கல.

தத்துவ புக்கு படிக்கிறப்ப மூணு பக்கத்துக்கு ஒரு தூக்கம் வரும் (ஆனா முழிக்கிறப்ப எதையோ புரிஞ்ச மாதிரியே இருக்கும்!).

தன்னம்பிக்கை புக்கு காலைல அஞ்சு மணிக்கு எந்திரின்னுது. எந்திரிச்சேன். எந்திரிச்சு அதையேதான் படிச்சேன், வேற வேலை ஓடல!

நாலாவதுதான் வினை.

ஆபீஸ்ல என்கூட வேலை பார்க்கிற பொண்ணோட தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம், தஞ்சாவூர்ல. தேங்கா வெத்தலையோட, அவரு எழுதின சுயசரிதையையும் அச்சடிச்சு தாம்பூலப் பையில போட்டுக் குடுத்தாங்க. (வீட்டுல ஒருத்தரும் அதைப் படிக்கலன்னு இப்பல்ல தெரியுது!)

அவரு அந்தக் காலத்துல நீடாமங்கலம் பக்கம் ஒரு பண்ணையில கணக்குப்பிள்ளை. பார்த்தா எங்க ஊருப் பண்ணை! ஆசையாத்தான் படிச்சேன்.

பாதி புக்குல எங்க தாத்தா வந்தாரு.

மாரிமுத்து, வடக்குத் தெரு. பண்ணை நிலத்துல ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர், குத்தகை. குத்தகைக்காரங்களை நினைச்சப்ப வெளியேத்த முடியாதுன்னு சட்டம் வந்த சமயம் அது. நிலத்தை விட மாட்டேன்னு தாத்தா நின்னிருக்காரு.

அடுத்த பத்தியை அப்படியே தர்றேன்:

“மாரிமுத்து களத்துமேட்டில் இறந்து கிடந்தான். வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் அவன் இடது கட்டைவிரலில் மை தடவி, நிலத்தை ஒப்படைத்ததாக முந்தின நாள் எழுதி வைத்திருந்த பத்திரத்தில் ரேகை எடுத்தோம். துடைத்தும் மை போகவில்லை.”

ஆத்தாடி!

எங்க வீட்டுல, தாத்தா பாம்பு கடிச்சு செத்தாருன்னுதான் சொல்லுவாங்க. பண்ணை ஆளுங்க தூக்கிட்டு வந்தப்ப கட்டைவிரல் நீலம் பாரிச்சிருந்துச்சாம். ஒன்பது வயசுல எங்க அப்பா கண்ணால பார்த்தது. விஷம் ஏறிடுச்சுன்னு ஊரே நம்பிச்சு.

அன்னிலேருந்து அப்பா வெள்ளிக்கிழமை தவறாம புத்துக்குப் பால் ஊத்துறாரு. “எங்க அப்பாவை எடுத்துக்கிட்டே, என் புள்ளைங்களை விட்டுடு தாயே”ன்னு வேண்டிக்குவாரு.

அம்பது வருஷமா ஸ்டாம்ப் பேடு மைக்கு பால் ஊத்தியிருக்காரு மனுஷன்!

சொல்லலாமா வேணாமான்னு ஒரு மணி நேரம் தவிச்சேன். மனசு கேக்கல. அப்பாகிட்ட வாசிச்சே காட்டிட்டேன்.

அப்பா மெதுவா, “அப்ப அவருக்கு வலிச்சிருக்காதுல்லம்மா?”ன்னாரு.

அழுதுட்டேங்க.

திடீர்னு நிமிர்ந்து உக்காந்தாரு. “அந்தப் பத்திரம் எப்ப எழுதினாங்களாம்? திரும்பப் படி.”

“முந்தின நாளுப்பா.”

“முந்தின நாளு எங்க அப்பா நல்லா உசுரோட இருந்தாரேம்மா.”

எனக்கு அது உறைக்கவே இல்ல பாருங்க! (இதுல நான் புக்கு சிபாரிசு பண்றேனாம்.)

சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ரெண்டு பேரும் தஞ்சாவூர்.

கதவைத் திறந்தது புக்கு எழுதின அந்தக் கணக்குப்பிள்ளையேதான். அப்பாவைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டாரு. (அப்பா தாத்தாவை உரிச்சு வச்ச மாதிரின்னு ஊருல சொல்வாங்க.)

“வந்துட்டியா மாரிமுத்து?”



நான் மாரிமுத்து மகன்னு அப்பா சொல்லவே இல்ல. “யாரு எழுதச் சொன்னது?”ன்னு மட்டும் கேட்டாரு.

“பண்ணை முதலாளி, பெரிய ஐயாதான். எழுதுன்னாரு, எழுதினேன். ஆளு நல்லாத்தானே இருக்கான், இப்ப எதுக்குன்னு நான் கேக்கல. எழுதிக்கிட்டிருக்கையில நீ தெருவுல போனே மாரிமுத்து. ஜன்னல் வழியா என்னைப் பார்த்துக் கும்பிட்டே.”

அடுத்த பஸ்லயே திரும்பி வந்துட்டோம்.

பெரிய ஐயா செத்து ரொம்ப காலம் ஆச்சு. மிச்சம் இருக்கிறது இந்த எண்பது வயசுக்காரர் மட்டும்தான். கோர்ட்டுக்கு இழுக்கிறதா, அப்படியே விட்டுடுறதா?

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?