மணல் ஒட்டாத இடம்

ஒரு மீனவரின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கிப்போனதற்கு நான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் களப்பணியாளனாக இருந்தேன். சந்தேகப்படும் தேமலில் வியர்வை சுரக்கிறதா என்று சோதிப்பது என் வேலைகளில் ஒன்று. தேமலிலும் சுற்றியுள்ள தோலிலும் டிங்சர் அயோடின் தடவ வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்டார்ச் மாவைத் தூவி, ஆளை வெயிலில் நிறுத்த வேண்டும். வேர்க்கிற ஒவ்வொரு துளையும் கடுகு வைத்ததுபோலக் கறுக்கும். நரம்பு கெட்ட இடம் மட்டும் அயோடினின் மஞ்சளாகவே நிற்கும். எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி அது.

மாமல்லபுரத்தை அடுத்த ஒரு குப்பத்தில் அந்த மீனவரைப் பார்த்தேன். வலது முன்கையில் எட்டணா அளவு வெளிறிய தேமல். தொட்டால் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது என்றார். வியர்வைதான் முடிவு சொல்ல வேண்டும். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அயோடின் காயும் முன்பே மாவைத் தூவினேன். ஈரம் பட்ட மாவு மொத்தமும் கறுத்துவிட்டது.

“நல்லா வேர்க்குது. ஒண்ணுமில்ல,” என்றேன்.

“இன்னா சார் சொல்ற? கரையில நின்னு வலை இஸ்தா, வேர்வையில கையி பூரா மணலு ஒட்டிக்குது. இந்த எடத்துல மட்டும் ஒட்டறதில்ல. வேர்த்தா ஒட்டாதா?”

அவர் மனைவி மீன்கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: “அவருக்கு பஸ்ஸு வந்துகினு கீது. நீ மணலு கதை சொல்லிகினு கீற.”

அவருடைய பரிசோதனை அட்டையில் ‘வியர்வை உண்டு’ என்று எழுதிவிட்டு ஓடினேன். மருந்து காயவில்லை என்பது எனக்குத் தெரியும். அயோடினும் மாவும் இல்லாமல், தன் கையைத் தானே கவனித்து அவர் கண்டுபிடித்ததுதான் சரி என்றும் உள்ளே தெரிந்தது.

மறுபடி அந்தக் குப்பத்துக்குப் போகும்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சுண்டுவிரலும் அடுத்த விரலும் கொக்கிபோல வளைந்திருந்தன.

“அன்னைக்கு மருந்து காயல. தெரிஞ்சேதான் போயிட்டேன்,” என்றேன்.

வளைந்த விரல்களை இடது கையால் நிமிர்த்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இந்தக் கையி கயிறு புடிக்குமா?”

தெரியாது என்றேன். அன்றே மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி அட்டையைத் திருத்தினேன். மாத்திரைக்கும், பின்னர் அறுவை சிகிச்சைக்கும் நானே போய் அவரை அழைத்துவந்தேன். ஒரு விரல் நிமிர்ந்தது. சுண்டுவிரல் அப்படியே நின்றுவிட்டது. கயிறு பிடித்தார், முன்போல இறுக்கமாக இல்லை.

மன்னித்ததாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் நான் போனபோது, வலை இழுத்து முடித்த ஒருவரைக் கரையில் உட்காரவைத்திருந்தார். அந்த ஆளின் முதுகெல்லாம் மணல்.

“இங்க பாரு சார், இந்த எடத்துல ஒட்டல. நீ குந்து. பஸ்ஸு போனா போவட்டும்.”

முதுகைத் துடைத்து, அயோடின் தடவி, காயும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு மாவைத் தூவினேன். அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றது. அன்றே மாத்திரை தொடங்கினோம். அந்த ஆளின் விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை.