திரையில் தெரிந்த கறுப்பு

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கணினிக்கு முன்னால் அம்மா, அக்கா, அக்காவின் ஐந்து மாதப் பெண் குழந்தை, நான், இவ்வளவு பேர்தான் இருந்தோம். அப்பா இல்லை, சிவாஜிநகர் துணிக்கடை ஒன்றுக்கு மூட்டை இறக்கப் போயிருந்தார். மாமாவும் இல்லை. அக்காவின் கணவரான அவர் குவைத்தில் ஏசி குழாய் பொருத்தும் வேலையில் இருந்தார். அவர் இல்லாததால்தான் நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தோம். அவர் விமானம் ஏறிய பிறகு பிறந்த குழந்தை அது. தபாலில் போன ஒரே ஒரு போட்டோவில் தவிர மகளை அவர் பார்த்ததில்லை.

மர்பி டவுனில் எங்கள் சந்துக்குக் கேபிள்காரர் டிவி கம்பியோடு இன்டர்நெட் கம்பியும் இழுத்துவிட்ட காலம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்து, பாகம் பாகமாக வாங்கி நானே பொருத்திய கணினி வீட்டில் இருந்தது. இணையத்தில் கணினிப் பிரியர்கள் கூடும் மன்றம் ஒன்றில் நான் உறுப்பினன். முகம் தெரியாத ஆட்கள் அங்கே ஒருவர் சிக்கலை ஒருவர் அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் போட்ட பிச்சை.

கணினிச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழைய வெப்கேமரா ஒன்றை வாங்கி வந்து, வியாழன் மாலையே சரிபார்த்துவிட்டேன். என் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மாமா அங்கே நெட் கடையில் உட்கார்ந்து எங்களை அழைத்தபோது, எங்கள் படம் வரவேண்டிய கட்டம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. அவர் முகம் எங்களுக்குத் தெரிந்தது. தலையில் ஹெட்போன். கறுப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னும் தெர்ல மச்சான். கொழந்தை சத்தம் மட்டும் கேக்குது."

குழந்தை கத்தும்போதெல்லாம் அந்தக் கறுப்பைப் பார்த்துச் சிரித்தார். அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"அடுத்த வெள்ளி ஒன்னுதான் இருக்குது. அதுக்கப்புறம் பாலைவனத்துல சைட்டு. அங்க நெட்டும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. லீவு அடுத்த வருஷந்தான்" என்றார் மாமா.

கையில் ஒரு வாரம் இருந்தது. மன்றத்தில் எழுதினேன். பதில்கள் கொட்டின. கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்று என்றார் ஒருவர். யுஎஸ்பி சொருகும் ஓட்டையை மாற்று என்றார் இன்னொருவர். இந்தக் கட்டளையை அடித்து வருவதை அப்படியே ஒட்டு என்றார் மூன்றாமவர். அவர் ஊரில் அப்போது விடியற்காலையாம். யாருக்கும் என்னால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. ஆனாலும் எனக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் செய்தேன். கணினியில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

வீட்டிலும் விசாரித்தேன். "ம்மா, கம்ப்யூட்டர்ல எதையாவது அமுக்கினியா? கழட்டினியா?"

"எனக்கின்னாடா தெரியும் அதப் பத்தி? நான் ஏன் அமுக்கப் போறேன்?"

கேமராவே செத்துவிட்டது என்று மன்றம் ஒருமனதாகச் சொன்னது. புதிதாக ஒன்று வாங்கினேன். அக்கா தையல் கூலியிலிருந்து பணம் கொடுத்தாள். "இதுலயாவது தெரிவாடா?" என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் சொருகிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

மதியம் மாமா திரையில் வந்தார். எங்கள் கட்டம் மறுபடியும் கறுப்பு.

திரையில் ஜன்னல் மேல் ஜன்னலாகத் திறந்து எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். "மாமா, ஒரு நிமிஷம். ரெசல்யூஷனைக் கொறைக்கறேன், ஃப்ரேம் ரேட்டும் கொறைக்கறேன்..."

"கொறை மச்சான், எதுன்னா கொறை. எங்க கடைக்காரருதான் மணிக்கு வாங்கற காசக் கொறைக்க மாட்டேன்றாரு."

பின்னால் அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு கலைந்திருந்தது. மை டப்பாவைத் திறந்து குழந்தையின் கன்னத்தில் மறுபடி ஒரு பொட்டு வைத்தாள். விரலில் மிச்சம் இருந்தது. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கேமராவின் கண்ணிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

அக்கா பார்த்துவிட்டாள்.

"யம்மா! இன்னா பண்ற நீ?"

"பொட்டு வெக்கறேன். நெட்டுக் கடையில நாலு பேரு சுத்தி இருப்பாங்கன்னு இவந்தான சொன்னான்? அத்தினி பேரு கண்ணும் இது வழியாத்தான கொழந்த மேல வரும்?"

"போன வாரமும் வெச்சியா?"

"வெக்காம? ரெண்டு வாரமும் கொழந்தயக் குளிப்பாட்டினதும் இதுக்கும் சேத்துத்தான் வெச்சேன்."

"அப்ப நான் கேட்டப்போ ஒன்னும் பண்லன்னு சொன்ன?" என்றேன்.

"அமுக்கினியா, கழட்டினியான்னு கேட்ட. பொட்டு வெச்சியான்னு எங்கடா கேட்ட?"

ஹெட்போனில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது திரையில் தெரிந்தது. அக்கா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை எச்சிலில் நனைத்துக் கேமராவைத் துடைத்தாள். கறுப்புக் கட்டத்தில் முதலில் ஒரு வெளிச்சம், பிறகு அவள் கட்டைவிரல், பிறகு மை பரவிய மங்கலில் குழந்தை.

மாமாவின் சிரிப்பு நின்றது.

"பனி மூட்டம் மாதிரி இருக்குது" என்றார். "பரவால்ல. தொடைக்காத. நேரம் போயிரும். அப்படியே காட்டு."

அக்கா குழந்தையைத் தூக்கிக் கேமராவுக்கு எதிரில் பிடித்தாள். மாமா ஹெட்போனைக் கழற்றிவிட்டார். கடைக்காரர் வந்து தோளைத் தட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

தீர்வு கிடைத்தால் அதை எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் மன்றத்தின் வழக்கம். அடுத்தவருக்கு உதவும். வெட்கத்தோடு எழுதினேன்: பழுது இல்லை, லென்ஸில் கண்மை. யாரும் கேலி செய்யவில்லை. அந்த விடியற்காலைக்காரர் திருஷ்டி என்றால் என்ன என்று விசாரித்து, குழந்தைக்கு வாழ்த்தும் சொன்னார். அதன் பிறகு யாராவது கேமராவில் படம் கறுப்பாக வருகிறது என்று எழுதினால், முதல் கேள்வியாக ஒருவர் கேட்பார்: "உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறதா?"

நான் பல முறை யோசித்ததுண்டு. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருந்தது. கேமரா வழியாகப் படம் வெளியே போகிறது என்று நான் நினைத்தேன். அதன் வழியாகக் கண் உள்ளே வருகிறது என்று அம்மா நினைத்தாள். கண்ணைத் தடுக்கத்தான் அவள் மை வைத்தாள். மை சொன்ன வேலையைச் சரியாகவே செய்தது. அந்தத் தூரத்தில் இந்தக் கோடியில் இருந்த அம்மாவுக்கும், அந்தக் கோடியில் இருந்த முகம் தெரியாதவர்களுக்கும், நடுவில் நின்று கண்ணால் பார்த்த அக்காவுக்கும் நான் கடன்பட்டவன். பொட்டு வைக்காதே என்று அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை. கேமராவின் முதுகில் வை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

புதிய கேமராவைத் திருப்பிக் கொடுக்க எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் லென்ஸ் ஓரத்தில் இருந்த மையைப் பார்த்தார். "பொட்டு வெச்ச மாலு வாபஸ் இல்ல பாய். பூஜை ஆயிடுச்சி, இனிமே அது உங்க ஊட்டு ஜனம்" என்று இந்தி கலந்த தமிழில் சொல்லிக் கையைக் கூப்பினார்.

கணினியும் கம்பியும் முன்பே இருந்தவை. மை, அம்மா விளக்கெண்ணெயில் வீட்டிலேயே கூட்டியது. பழைய கேமரா முந்நூறு, புதியது எண்ணூற்றைம்பது. ஆக, மாமா தன் மகளைப் பார்க்க எங்களுக்கு ஆன செலவு ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.