கூலர் பைப்பில் கட்டிய எலுமிச்சம்பழம்

மாத்தளையில் ரேஸ் கார் வைத்திருப்பவர்களில் என்னைப்போல் இன்னொரு மடையன் இருக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கியர்பாக்ஸ் ஆயில் கொதிக்காமலிருக்க, காரின் முன் கிரில்லுக்குப் பின்னால் தனியாக ஒரு கூலர் பூட்டியிருந்தேன். முதல் ஓட்டத்திலேயே அது கசிந்தது. கராஜ் வைத்திருக்கும் செல்வம் அண்ணன் வாஷர்களை மாற்றினார். அடுத்த ஓட்டத்திலும் கசிந்ததால் கூலருக்கு ஆயில் போகும் ரப்பர் பைப்பையே மாற்றினார்.

"பைப்பை ஏதோ அறுக்குது தம்பி" என்றார்.

"பூட்டத் தெரியலைன்னு சொல்லுங்க. கதை விடாதீங்க" என்று நாலு பேர் முன்னால் அவரைக் கேவலப்படுத்தினேன்.

போன மாதம் தம்புள்ளைப் பக்கம் மண் ட்ராக்கில் வளைவெடுக்கும்போது பைப் பிய்ந்து, ஆயில் முன் டயரில் கொட்டியது. வழுக்கிய கார், சனத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. ஒருவர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கூட வந்திருந்த செல்வம் அண்ணன் பானட்டைத் திறந்தார்.

"இதை யாரு கட்டினது?"

அறுந்த பைப்பில், மெல்லிய கம்பியால் கட்டிய எலுமிச்சம்பழம் தொங்கியது. கண் திருஷ்டிக்காக ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் நானே கட்டுவது. கராஜுக்குப் போகுமுன் கம்பியோடு கழற்றி எறிந்துவிடுவேன். கார் குலுங்கக் குலுங்க அந்தக் கம்பிதான் ரப்பரை அறுத்திருக்கிறது.

"நான்தான்" என்றேன்.

இப்போதெல்லாம் பழத்தை வீட்டுச் சாமி தட்டிலேயே வைத்துவிடுகிறேன். ஓட்டம் முடிந்ததும் எதையும் கழற்றாமல், துடைக்காமல் காரை அப்படியே அவரிடம் கொண்டுபோகிறேன். அவர் முதலில் என்னைத்தான் மேலும் கீழும் பார்க்கிறார். பிறகுதான் காரை.