ஏழாம் வாசல் லிஃப்ட்

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி, துணிக்கடை, அடுக்குமாடி என்று ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கை பட்டவை. மைதானத்தில் எல்லாரும் அவரை 'லிஃப்டு' என்றே கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அவரும் மனைவியின் தம்பியும் ஒரே கால்பந்து கிளப்புக்காகத் தொண்டை கிழியக் கத்தி வந்தார்கள்.

மைத்துனன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கடைக்காரர் வேலையை வீட்டுக்கே அனுப்பிவிடுவார். அதன்பின் அவன் ஆசைப்பட்டு வெளியே கிளம்பியது கால்பந்து ஆட்டத்துக்கு மட்டும்தான். ஏழாம் வாசல் லிஃப்டில் ஏறினால் சக்கர நாற்காலிகளுக்கென்று மேலே எட்டு இடம். மொத்த மைதானமும் காலடியில் விரிந்து கிடக்கும்.

பிறகு கிளப்பைப் புது முதலாளி வாங்கினார். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. முதல் வருடம் சட்டையின் நிறம் மாறியது. அடுத்த வருடம், டிவிக்காரர்களின் வசதிக்காக, ஆட்டம் வேலைநாள் மத்தியானத்துக்குப் போனது. மெக்கானிக் லீவு போட்டுவிட்டுப் போனார். மூன்றாம் வருடம் லிஃப்ட் வாசலில் 'பழுது, பொறுத்தருளவும்' என்று அட்டை தொங்கியது.

சக்கர நாற்காலிக்காரர்களைக் கீழே, கோட்டோரம் உட்காரவைத்தார்கள். கூரை கிடையாது. முன்னால் புதிய மின்விளம்பரப் பலகை, சரியாக அவர்கள் கண்மட்டத்துக்கு.

"என்னடா தெரியுது மாப்ளே?"

"ஷாம்பு தெரியுது மாமா. அப்பப்போ கோல்கீப்பர் தலை. நல்லாத்தான் குளிச்சிருக்கான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கோல் விழுந்தபோது, பின்னால் இருந்தவர்களின் முகத்தைத் திரும்பிப் பார்த்துத்தான் அது யார் போட்ட கோல் என்று அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் இவர் கிளப் அலுவலகத்துக்குப் போனார். "இதுதாம்மா என் தொழிலே. சும்மாவே சரி பண்ணித் தரேன்."

வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிராமல், "மெயில் போடுங்க சார்" என்றாள்.

போட்டார். 'உங்கள் ஆதரவே எங்கள் மூச்சு' என்று பதில் வந்தது. எத்தனை முறை போட்டாலும் அதே மூச்சுதான்.

அடைமழையில் ஓர் ஆட்டம். இடைவேளைக்குள் மைத்துனன் தொப்பலாக நனைந்துவிட்டான். உதடு நடுங்கியது. "பரவால்ல மாமா" என்றான். அந்த வார்த்தைதான் இவரைக் கிளப்பிவிட்டது. நேராக ஏழாம் வாசலுக்குப் போய், பையிலிருந்த தொழில் சாவியால் லிஃப்டின் மின்பெட்டியைத் திறந்தார்.

பழுது எதுவும் இல்லை. ஒரே ஒரு கம்பி கழற்றப்பட்டு, நுனியில் டேப் சுற்றி, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தன்னைப் போல ஒருவன் செய்த வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. பிறகு கம்பியை மாட்டி, காலியாக இரண்டுமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மைத்துனனை ஏற்றினார்.

மேலே அந்த எட்டு இடம் இல்லை. கண்ணாடி அறை, சோபாக்கள், சூடான சாப்பாடு, விருந்தாளிகள் ஏறிவர அகலமான புதுப் படிக்கட்டு. விருந்தாளிகள் மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியிலிருந்து கம்பளத்தில் தண்ணீர் சொட்டியது. ஒரு அம்மாள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"வாங்க மாமா, போலாம்" என்றான் மைத்துனன்.

போவதற்குள் காவலாளிகள் வந்துவிட்டார்கள். இயந்திரத்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி, இவருக்கு ஆயுள் முழுக்கத் தடை. இவர் போட்டோ எல்லா வாசலிலும் ஒட்டப்பட்டது. கூடக் கத்தியவர்கள் கொதித்தார்கள். "லிஃப்டு இல்லாம நாங்க ஒருத்தனும் உள்ள போகமாட்டோம்" என்றார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட்கூட மிச்சமில்லை. அவர்கள்மேல் இவருக்குக் கோபம் வரவில்லை. தன் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் தானும் போயிருப்போம் என்றுதான் நினைத்தார்.

நாற்காலியை நான் தள்ளுகிறேன் என்றாள் மனைவி. தம்பி மறுத்துவிட்டான். வீட்டில் டிவி போட்டார்கள். நாலாவது ஆட்டத்தின் நடுவில் அவனே அணைத்தான். பிறகு லென்ஸ் வேலையையும் குறைத்துக்கொண்டான்.

"அவன எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போங்களேன்" என்று கெஞ்சினாள் அவள். எங்கே என்று இவருக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் கிளப் கோப்பையை வென்றது. ஊர்வலம் அவர்கள் தெரு வழியாகத்தான் வந்தது. ஹாரன் சத்தம் கேட்டு, தன்னை அறியாமல் இவர் ஜன்னல்வரை போய்விட்டார்.

"சாத்திடுங்க மாமா" என்றான் மைத்துனன், சுவர்ப் பக்கம் பார்த்தபடி.

சாத்தினார். சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.